புதுப்பிப்பு: மைஎஸ்க்யூஎல்-அட்மின் கடவுச்சொல் சிக்கல் தீர்ந்தது

பரந்தனில் ஒரு அரிசி ஆலையின் கணினியில், இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோவை), மைஎஸ்க்யூஎல் தரவுத்தளச் சேவையகத்தை நிர்வகிக்கும் மைஎஸ்க்யூஎல்-அட்மின் கட்டளையை அழைக்கும்போது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நிற்பதாக முன்பு எழுதியிருந்தேன். அதே கடவுச்சொல்லைக் கையால் தட்டினால் உள்ளே விடும். அதுதான் விளங்காமல் இருந்தது.

மாங்குளத்து அண்ணை ஒருவர், "தம்பி, பிழைச் செய்தியின்ர கடைசியைப் பாரும்" என்றார். அங்கே 'கடவுச்சொல் பயன்பட்டது: ஆம்' என்று இருந்தது. 'இல்லை' என்றிருந்தால் கடவுச்சொல் போகவே இல்லை. 'ஆம்' என்றால் ஏதோ ஒன்று போயிருக்கிறது, ஆனால் அது சரியானதல்ல. அப்போ எது போனது?

ஸ்கிரிப்ட் கடவுச்சொல்லை வீட்டு அடைவிலுள்ள '.மை.சிஎன்எஃப்' என்ற மைஎஸ்க்யூஎல் அமைப்புக் கோப்பிலிருந்து எடுக்கிறது. அந்தக் கடவுச்சொல்லின் நடுவில் ஒரு # குறி. அந்தக் கோப்பில் # வந்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் வெறும் குறிப்பு. 'வயல்#88' என்று எழுதினால் 'வயல்' மட்டும்தான் சேவையகத்துக்குப் போகும். முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டேன், உடனே வேலை செய்தது. கோப்பின் அனுமதியையும் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கிவிட்டேன்.

கட்டளை வரியில் கடவுச்சொல் கொடுக்கும் 'பி' தெரிவுக்குப் பின் இடைவெளி விடக்கூடாது என்று முந்தைய பதிவுக்குச் சிலர் சொன்னது உண்மைதான். இங்கே காரணம் அதுவல்ல.

அப்புறம், 'ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ்' (அனுமதிச் சோதனையைத் தவிர்க்கும் தெரிவு) போட்டுச் சேவையகத்தைத் திறக்கச் சொன்னவர்களுக்கு: அது கடவுச்சொல்லே கேட்காமல் எல்லோரையும் உள்ளே விடும். பெரும்போக நெல் கொள்வனவுக் கணக்கு, விவசாயிகளுக்குக் கொடுக்கவேண்டிய காசு எல்லாம் அதற்குள் இருக்கிறது. தயவுசெய்து அதை முதல் வழியாகச் சொல்லாதீர்கள்.