கல்யாணச் சட்டத்துக்குப் பதிலாக எல்லா ஜோடிக்கும் ஒரே ‘இணையர் பதிவு’: நடக்கிற காரியமா?

வியாசை வாசகர் கேட்டது:

வியாசர்பாடியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த ஞாயிறு இதுதான் பேச்சு. அரசாங்கம் ‘திருமணம்’ என்ற சொல்லையே கைவிட்டு, ஆண்-பெண், பெண்-பெண், ஆண்-ஆண், திருநர் என எல்லா ஜோடிக்கும் ஒரே உரிமையோடு இணையர் பதிவு மட்டும் வைத்தால் என்ன? தாலி, நிக்காஹ், சர்ச் எல்லாம் அவரவர் வீட்டுச் சமாச்சாரம். 2009ல் கலிஃபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் இதையே மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகக் கையெழுத்து திரட்டக் கிளம்பினார்கள். வாக்குச்சீட்டு வரை வரவில்லை.

இரண்டு கேள்வி. நம் சட்டத்தில் எங்கே கை வைக்க வேண்டும்? அது வரும்வரை, தண்டையார்பேட்டையில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும்? தத்துவம் வேண்டாம், நடைமுறை சொல்லுங்கள்.

கல்மண்டபம் பதில்:

தோழர், சடங்கும் சட்டமும் இங்கே ஏற்கெனவே பாதி பிரிந்தாச்சு. 1967ல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில், ஊரைக் கூட்டிச் சொல்லவும் தேவையில்லை என்றது. ஆனால் 7ஏ இந்துக்களுக்குள் மட்டும். ராயபுரத்துக் கிறிஸ்தவப் பையனும் மண்ணடி முஸ்லிம் பெண்ணும் அந்த வழியில் போக முடியாது.

மதம் கேட்காத ஒரே கதவு 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இணையர் பதிவு கொண்டுவருவதென்றால் அதைத்தான் உடைத்துக் கட்ட வேண்டும். இப்போது அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததும் அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள். ஆட்சேபத்துக்கு 30 நாள். யாராவது ஆட்சேபித்தால் விசாரிக்க இன்னொரு 30 நாள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போய் அங்கேயும் ஒட்டப்படும். ஊரை விட்டு வந்ததே எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை! நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆக, முதல் வேலை இந்த நோட்டீஸ் முறையை எடுப்பது. அதை அப்படியே வைத்துவிட்டுத் தலைப்பில் மட்டும் ‘இணையர்’ என்று போட்டு என்ன பயன்?

யாரும் பேசாத இன்னொரு முள்: தடை செய்யப்பட்ட உறவுப் பட்டியல். இந்து சட்டத்தில் அக்கா மகள், மாமன் மகள் கல்யாணம் எல்லாம் ‘வழக்கம்’ என்ற விதிவிலக்கில் செல்லுகிறது. முஸ்லிம் சட்டத்தில் சித்தப்பா, பெரியப்பா மகளையும் கட்டலாம். சிறப்புச் சட்டப் பட்டியலிலோ இவர்கள் எல்லோரும் தடை; வழக்கத்துக்கான விலக்கும் அங்கே குறுகல். ஒரே பதிவு என்றால் எந்தப் பட்டியல்? ‘எல்லாருக்கும் சமம்’ என்ற சட்டம் முறைமாமனை வெளியே நிறுத்தினால் காசிமேட்டில் ஒரு ஓட்டும் விழாது.

துறைமுகம் 13 பதில்:

கல்மண்டபம் சொல்வது வாசலைப் பற்றி. சிக்கல் உள்ளே இருக்கிறது.

பிரான்ஸ் 1999ல் ‘பாக்ஸ்’ என்ற இணையர் ஒப்பந்தத்தை எல்லா ஜோடிக்கும் திறந்துவிட்டது. இன்றும் உயில் எழுதாவிட்டால் இணையருக்குச் சொத்து வராது. துணை இறந்தால் திருமணமானவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியப் பங்கும் கிடையாது. கலிஃபோர்னியாவில் இணையராகப் பதிந்தவர்களை மாநிலச் சட்டம் தம்பதிபோல நடத்துகிறது. மத்திய வருமான வரித்துறை அவர்களைத் திருமணமானவர்களாக எடுப்பதில்லை. அதாவது ‘திருமணம்’ என்ற சொல்லில் தொங்கும் உரிமைகள், சொல்லை மாற்றினால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

இங்கே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17ல், தன்பாலின ஜோடிகள் திருமண உரிமை கேட்ட சுப்ரியோ வழக்கில் கையை விரித்துவிட்டது. திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. திருமணம் என்ற பெயரில்லாத ‘சிவில் இணைவு’க்கு அங்கீகாரம் கொடுப்பதில் 3க்கு 2 என்று மறுப்பு. இனி சட்டமன்றம்தான். திருமணம் பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடும் செய்யலாம், மத்தியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 7ஏ வந்ததும் அப்படித்தான்.

‘கணவன், மனைவி என்று வரும் இடத்திலெல்லாம் பதிவு பெற்ற இணையரும் அடங்குவர்’ என்று ஒரு வரி எழுதினால் முத்திரைத்தாள், மாநில அரசு ஊழியர் குடும்ப ஓய்வூதியம் போன்றவை சரியாகும். பி.எஃப்., வருமான வரி, எல்.ஐ.சி. எல்லாம் டெல்லி கையில். மாநிலச் சட்டம் அங்கே எட்டாது. என் கருத்து: திருமணத்தை ஒழிப்பதைவிட அதே கதவை எல்லாருக்கும் திறப்பது குறைந்த வேலை. புதுக் கதவு கட்டினால் ஒவ்வொரு அறைக்கும் புதுச் சாவி செய்ய வேண்டும்.

டோல்கேட் டாக்குமெண்ட் பதில்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சட்டம் எப்போது வருமோ, காகிதம் இன்றே எழுதலாம்.

உயில்தான் முதலில். கல்யாணமாகாத இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால் சொத்து அப்பா அம்மாவுக்கு, அவர்களும் இல்லையென்றால் அப்பா வழி வாரிசுக்கு. கூட வாழ்ந்தவருக்கு ஒரு செங்கல்கூட வராது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சி போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பின்னால் ‘கையெழுத்தே அவளுது இல்ல’ என்று வரும் சண்டைக்கு அது அணை. சாட்சி போடுகிறவர் உயிலில் பங்கு பெறாதவராக, வயதில் இளையவராக இருக்கட்டும். கிறிஸ்தவராக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: உயில் எழுதிய பிறகு கல்யாணம் நடந்தால் பழைய உயில் ரத்து.

‘இப்போதே வீட்டை அவள் பேருக்கு மாற்றிவிடலாமே’ என்று கேட்பார்கள். கணக்குப் போடுங்கள். 30 லட்ச ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள வீடு. குடும்ப உறுப்பினருக்குத் தான செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத்தாள் 1%, உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000. ஆக 30,000 + 10,000 = 40,000 ரூபாய். இணையர் அந்தக் குடும்பப் பட்டியலில் இல்லை. அவருக்கு 7% + 2%, அதாவது 2,70,000. அதோடு வருமான வரியும் தலைதூக்கும்: உறவினர் அல்லாதவரிடம் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்தை இலவசமாக வாங்கினால் முழு மதிப்பும் வாங்கியவர் வருமானம். உயில் வழியாக வந்தால் அந்த வரி கிடையாது. அதனால்தான் உயிலை முதலில் சொன்னேன்.

நாமினி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வங்கியில் நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஆள்தான், சொந்தக்காரர் இல்லை. எல்.ஐ.சி.யில் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், துணைவர், பிள்ளை நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தம். இணையருக்கு அந்த விதி பொருந்தாது. பி.எஃப்.பில் இன்னும் மோசம். தன்னைச் சார்ந்த அம்மா உயிரோடு இருந்தால் அவர் ‘குடும்பம்’; அப்போது தோழி பேரில் போட்ட நாமினேஷனே செல்லாது. ஆகவே எல்லாவற்றுக்கும் உயிலில் தனி வரி எழுதுங்கள். வங்கிக் கணக்கை ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்று கூட்டாக வையுங்கள். தன்பாலினத்தவர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினி ஆக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது. கவுண்டரில் முகம் சுளித்தால் அதைச் சொல்லலாம்.

மருத்துவத்துக்கு: மனநலச் சட்டம் 2017ன் கீழ் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு யாரையும் நியமனப் பிரதிநிதி, அதாவது மனநலச் சிகிச்சையில் நமக்குத் துணை நிற்பவர், ஆக்கலாம். உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முன் அறிவுறுத்தலை இரண்டு சாட்சியோடு நோட்டரி முன் கையெழுத்திட்டு, முடிவெடுப்பவராக இணையர் பெயரைப் போடலாம். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். ஒருவர் போன மறுவாரம் வீட்டுக்காரர் சாவி கேட்பதை அது தடுக்கும்.

வியாசை வாசகர்:

நன்றி டோல்கேட் சார். இருவரில் ஒருவர் திருநங்கை, மற்றவர் ஆண் என்றால்?

கல்மண்டபம்:

அப்போது இத்தனை காகிதமும் வேண்டாம், நேராகக் கல்யாணமே பதியலாம். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அருண்குமார் வழக்கில், இந்து திருமணச் சட்டத்தின் ‘மணப்பெண்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றார். சுப்ரியோ தீர்ப்பும் அதை ஏற்கிறது. தமிழ்நாடு பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதியுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அலுவலகம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.