மறுமொழி: ஹார்மனிக்குத் தமிழில் என்ன?

ஐயா, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

கீபோர்டு படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹார்மனி வரும் இடங்களை மட்டும் இன்னும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

மத நல்லிணக்கம் என்கிறோமே, ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல்தான். அங்கே நமக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு இல்லை. எனக்கு வேண்டியது, ச, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் எழுகிற இசைக்கும், அப்படிச் சுரங்களைச் சேர்க்கும் கலைக்கும் ஒரு பெயர்.

'இயைபு' என்றீர்கள் ஐயா. அழகான சொல். ஆனால் யாப்பு படித்தவர்களுக்கு அது அடிகளின் கடைசியில் ஒன்றி வரும் தொடை. ஒன்றன்பின் ஒன்றாக வருவது அது; இங்கே உடன் ஒலிக்க வேண்டும். ஹார்மனியின் கிரேக்க வேர் பலகைகளை இணைப்பதைக் குறித்தது, ஆகவே 'பொருத்திசை' என்றார் இன்னொருவர். கிரேக்கர் இசையில் அச்சொல்லால் பெரும்பாலும் சுருதி அமைப்பைத்தான் குறித்தார்கள். வேரைப் பிடித்துப் போனால் வேறு ஊருக்குப் போய்விடுவோம்.

என் மனம் நிற்பது சிலம்பின் வேனிற்காதையில். இணை, கிளை, பகை, நட்பு என நரம்புகளின், அதாவது சுரங்களின், உறவைச் சொல்லி, 'இசைபுணர் குறிநிலை' என்கிறார் இளங்கோ. கிளை ஐந்தாம் நரம்பு, நட்பு நாலாம் நரம்பு, சரி. மூன்றாம் நரம்பைப் பழைய உரை பகையில் வைக்கிறது! சுரங்கள் சேர்ந்தொலிக்கும் மேற்கத்திய கார்டுக்கோ அதுதான் உயிர்: ச, ப நடுவே அந்தர காந்தாரம் என்ற 'க' வந்தால் மேஜர் கார்டு, அதற்கு ஒரு படி தாழ்ந்த சாதாரண காந்தாரம் வந்தால் மைனர் கார்டு. ஆகவே 'கிளையிசை', 'நட்பிசை' இரண்டும் ஆகாது. 'இசைப்புணர்ப்பு' ஆகும். உறவு எதுவானாலும் அது சேர்க்கையை மட்டும் சொல்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்கிறீர்கள். புணர்ச்சி விதி படிக்காத பிள்ளைகளா?

பலரும் கேட்பது 'ஒத்திசைவு'. எளிதில் புரியும், மறுக்கவில்லை. ஆனால் ஹார்மனியில் ஒவ்வாத சுரங்களுக்கும் இடம் உண்டு. ப, நி, ரி, ம சேர்த்து அழுத்திப் பாருங்கள்: நியும் மவும் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டல்தான் ச, க, ப-வில் வந்து இளைப்பாறத் துடிக்கிறது. அதையும் ஒத்திசைவு என்று எப்படி எழுதுவேன்? அப்புறம், ஓர் அதிர்வு இன்னொன்றை அதிரவைக்கும் ரெசனன்சுக்கும் அதே சொல்லைச் சிலர் எழுதுகிறார்கள்.

வேறு சொல் வராவிட்டால், பெரும்பான்மைக்காக 'ஒத்திசைவு' என்றே போடுகிறேன். எனக்கு உடன்பாடில்லை என்பதும் இங்கே பதிவாகட்டும். ப, நி, ரி, ம வரும் பாடத்துக்கு மட்டும் வியாழன் இரவுக்குள் யாராவது வழி சொல்லுங்கள்.