மறு: மல்டி கர்சருக்குப் ‘பல்சுட்டி’ வேண்டாமே

> மல்டி கர்சர் – பல்சுட்டி. கையேட்டில் இப்படியே போட்டுவிடலாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

எனக்கு உண்டு, அண்ணே. நிரல் (புரோகிராம்) எழுதும் எடிட்டரில் தட்டச்சு விழும் இடத்தைக் காட்டுகிற மின்னும் கோடு கர்சர்; ஒரே நேரத்தில் பல இடங்களில் அது நின்றால் மல்டி கர்சர். அதற்குத்தான் இந்தப் பேச்சு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் இந்தச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசைப் பையன், “பல்லைச் சுட்டிக் காட்டறதா டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்தது. ‘பல்சுவை’ என்னும்போது யாருக்கும் பல் நினைவுக்கு வருவதில்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். பழகப் பழகப் பல் மறைந்துவிடும். ஆனால் சுட்டி மறையாது.

மவுஸ் சுட்டி. இணைய இணைப்பு சுட்டி. சி நிரல்மொழியில் நினைவக முகவரியைப் பிடித்து வைத்திருக்கும் பாயிண்டரும் சுட்டி. வீட்டில் சேட்டை செய்கிற பிள்ளையும் சுட்டி. நம் கையேட்டு வரைவையே பாருங்கள்: “ஆல்ட் விசையை அழுத்தியபடி சுட்டியால் சொடுக்கினால் இன்னொரு சுட்டி தோன்றும்.” முதல் சுட்டி கையில் இருக்கிறது, இரண்டாவது திரையில். படிக்கிறவர் இரண்டாவது மவுஸைத் தேடினால் அவர்மேல் தப்பில்லை.

அந்த மின்னும் கோடு எதையும் சுட்டுவதே இல்லை என்பது என் கட்சி. அடுத்த எழுத்து விழப்போகிற இடம் அது, அவ்வளவுதான். கர்சர் என்றால் லத்தீனில் ஓடுபவன். கணக்குப் போட உதவிய பழைய ஸ்லைடு ரூல் அளவுகோலில் இப்படியும் அப்படியும் நகர்கிற கண்ணாடித் துண்டுக்கும் அதே பெயர். அவர்கள் ஓட்டத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மலாயில் ‘குர்சோர்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் மென்பொருளுக்கு ‘இசி’யிலிருந்து (உள்ளடக்கம்) ‘பெரிசியான்’, மவுஸுக்கு ‘திக்குஸி’லிருந்து (எலி) ‘தெத்திக்குஸ்’ என்று சொந்தமாகக் கட்டியவர்கள்தான். ஆகவே ‘கர்சர்’ என்றே விட்டுவிட்டாலும் எனக்குச் சண்டை இல்லை. கட்டுவதானால் ‘முனை’ என்று கட்டலாம். பேனா முனை எங்கே நிற்கிறதோ அங்கேதானே எழுத்து விழும்.

வகுப்பில் கொடுத்த பயிற்சியைச் சொல்கிறேன். இங்குள்ள கிளானா ஜெயா எல்ஆர்டி (இலகு ரயில்) தடத்தின் 37 நிலையங்கள், வரிக்கு ஒரு பெயர்: கேஎல் சென்ட்ரல், பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி... நிரலுக்குள் இதைப் பட்டியலாக வைக்க, ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பக்கமும் மேற்கோள்குறி, கடைசியில் காற்புள்ளி வேண்டும். ஒரே முனையோடு செய்தால் வரிக்கு ஆறு அழுத்தல்: ஹோம், மேற்கோள், எண்ட், மேற்கோள், காற்புள்ளி, கீழ் அம்பு. 37 வரிக்கு 222. முதலில் அப்படித்தான் செய்யவிட்டேன், வேண்டுமென்றேதான். பங்சார் தாண்டுவதற்குள் ஒருத்தி மேற்கோளை விட்டுவிட்டாள், இன்னொருவன் காற்புள்ளியை உள்ளே போட்டுவிட்டான்.

அப்புறம் என் மடிக்கணினியைத் திரையில் காட்டினேன். விஎஸ் கோடு என்ற எடிட்டரில் கண்ட்ரோல்-ஏ, ஷிப்ட்-ஆல்ட்-ஐ. 37 வரிகளின் கடைசியிலும் ஆளுக்கொரு கோடு மின்னியது. மேற்கோள், காற்புள்ளி, ஹோம், மேற்கோள். மொத்தம் ஆறே அழுத்தல். பின்வரிசையிலிருந்து “ஃபுயோ!” என்று ஒரு குரல்.

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? “இப்ப எஸ்கேப் தட்டுங்க, மத்ததெல்லாம் கலைஞ்சிடும், ஒண்ணு மட்டும் நிக்கும்.” ‘பல்சுட்டியை நீக்குக’ என்று எனக்கு வாய் வரவில்லை. நமக்கு வேண்டியது வெறும் பெயர் இல்லை, கூடவே ஒரு வினையும் வேண்டும். முனை என்றால் “முனை சேர்”, “முனை கலை” என்று சொல்லிவிடலாம். முதலில் “முனை கூட்டு” என்றுதான் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்து, “மூலையையா கூட்டச் சொல்ற?” என்றார். அதனால் ‘சேர்’.

மல்டி கர்சருக்குப் பன்முனை. மும்முனைப் போட்டி, நான்முனைப் போட்டி என்று தேர்தல் செய்தி படித்து வளர்ந்தவர்கள்தானே நாம், கேட்டதும் புரியும்.

இன்னொரு விஷயமும் கையேட்டில் போக வேண்டும், இது என் தலையில் விழுந்தது. சிறுவர் வினாவிடைக் கோப்பு ஒன்றில் ‘மலை’யைக் ‘குன்று’ ஆக்க வேண்டியிருந்தது. மவுஸால் ‘மலை’யை இழுத்துத் தேர்ந்து, கண்ட்ரோல்-ஷிப்ட்-எல் அழுத்தி, எல்லா இடத்திலும் ஒரே தட்டில் மாற்றிச் சேமித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பையனின் அம்மா கேட்கிறார், குன்றுப்பாம்பு என்பது எந்த ஊர்ப் பாம்பு என்று. தேடிப் பார்த்தால் குன்றுயாளம் என்று ஒரு மொழியும் உள்ளே இருந்தது.

எழுத்துகளைத் தேர்ந்துவிட்டு அழுத்தினால் அந்தத் தொடர் சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடித்துவிடும். எதையும் தேராமல் முனையைச் சொல்லின்மேல் வைத்துக் கண்ட்ரோல்-டி தட்டினால் முழுச்சொல்லை மட்டும் பிடிக்கும். அதுவும் ஒவ்வொன்றாக, நாம் பார்க்கப் பார்க்க. வேண்டாததைத் தாண்டக் கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-டி. ஒன்று கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் கண்ட்ரோல்-யு. இந்த மூன்றையும் பழகிய பிறகுதான் பிள்ளைகளுக்குக் கண்ட்ரோல்-ஷிப்ட்-எல் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பேன். நிரலில் ஒரு மாறியின் (வேரியபிள்) பெயரை மாற்றுவதற்கோ பன்முனையே வேண்டாம், எஃப்2 இருக்கிறது. அது எழுத்தைப் பார்ப்பதில்லை, எந்தப் பெயர் எந்த மாறியைக் குறிக்கிறது என்று மொழிக்குத் தெரிந்த கணக்கில் மாற்றும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து

—

> கட்டுவதானால் ‘முனை’ என்று கட்டலாம்.

தங்கச்சி, பல்சுட்டியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குன்றுப்பாம்பைப் படித்துவிட்டுப் பட்டர்வொர்த் ஃபெரியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்றவர் நகர்ந்து போய்விட்டார்.

முனை நல்ல சொல். டெர்மினலை முனையம் என்கிறோம், அதனால் “முனையத்தில் முனை” என்று எங்காவது இடிக்கும். பரவாயில்லை. என் சிக்கல் வேறு. நான் விம் என்ற பழைய எடிட்டரின் ஆள். விம் 1991இல் வந்தது, நான் பல்கலைக்கழகத்தில் பிடித்தேன், இன்னும் விடவில்லை. அதில் கண்ட்ரோல்-வி தட்டி, கீழே இறக்கி நெட்டாக ஒரு பத்தியைப் பிடித்து, பெரிய ஐ (I) தட்டி எழுதுகிறேன் என்று வையுங்கள். எழுத்து முதல் வரியில் மட்டும்தான் ஓடும். எஸ்கேப் தட்டிய பிறகே மற்ற வரிகளில் விழும். அங்கே முனை எப்போதும் ஒன்றுதான். அதைப் பன்முனை என்றால் பொய். உங்கள் ஊரில் எஸ்கேப் தட்டினால் கலையும், எங்கள் ஊரில் எஸ்கேப் தட்டினால்தான் நிறையும்!

எனக்குத் தோன்றுவது ‘நிரை’. அம்மா கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, தனக்கு விட்ட நிரையைப் பிடிப்பார். முதல் மரத்தில் கத்தி வைத்தால் அந்த நிரை முடியும்வரை அதே வெட்டு, அதே சாய்வு. சின்ன வயதில் கூடவே போயிருக்கிறேன், என் வேலை மங்கு (பால் வடியும் கிண்ணம்) கழுவுவது. விம்மில் பத்தியைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிரைதான் ஞாபகம் வரும். நிரல் என்ற சொல்லுக்கும் வரிசை என்றுதானே பொருள்? நிரல்நிறை அணி படித்திருப்பீர்கள். நிரலுக்குள் நிரை பிடிப்பது, சொந்தக்காரச் சொல்.

அன்புடன், பினாங்கிலிருந்து

—

அண்ணே, அக்கா, குறுக்கே வருகிறேன்.

நிரையில் ஒரு முள் இருக்கிறது. நான் படிவம் 5இல் மேட்ரிக்ஸின் வரிசைகளை ‘பாரிஸ்’ (படுக்கை), ‘லாஜுர்’ (நெட்டு) என்று மலாயில் படித்தவன். தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் நிரை என்பது படுக்கை வரிசை, நிரல் என்பது நெட்டு வரிசை. அண்ணன் விம்மில் பிடிப்பது நெட்டு வரிசை. கணக்குப்படி அதை ‘நிரல் தேர்வு’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நிரல் என்றால் நமக்கு புரோகிராம். “நிரலில் நிரலைத் தேர்க” என்று எழுதினால் என்னைப் போன்றவன் கோப்பு முழுவதையும் தேர்ந்து அழித்துவிடுவான்.

செந்தூல் தம்பி

—

தம்பி சொன்னதை இரண்டு நாள் மனசில் போட்டுப் புரட்டினேன். அண்ணனைத் தொலைபேசியில் பிடித்து ஒன்று மட்டும் கேட்டேன்: தோட்டத்தில் நிரை நெடுக்கா, குறுக்கா? “நீ எந்தப் பக்கம் நிக்கிறியோ அந்தப் பக்கம்தான்” என்றார். அது போதும். கணக்குப் புத்தகத்தின் நிரை அங்கேயே இருக்கட்டும், கையேட்டுக்குத் தோட்டத்து நிரையை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டும் வேறு வேறு வேலை என்பதை அண்ணன் சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன். கண்ட்ரோல்-டி பிடிக்கிறவை கோப்பில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும், அவற்றை நிரை என்றால் ஒட்டாது. ஷிப்ட்-ஆல்ட் அழுத்தி மவுஸை இழுத்தால் வருகிற கட்டமோ ஒரே ஒழுங்கில் நிற்கும், விம்மின் கண்ட்ரோல்-வியும் அதே மாதிரிதான். 2008இல் வந்த சப்லைம் டெக்ஸ்ட் எடிட்டரில் இந்தப் பழக்கத்தைப் பிடித்தவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிச் சொல்லி நமக்கும் அந்தக் குழப்பம் வந்துவிட்டது. எனவே சிதறி நின்றால் பன்முனை, கட்டமாக நின்றால் நிரை.

12ஆம் பக்கத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

“ஆல்ட் விசையோடு சொடுக்கினால் முனை சேரும். எஸ்கேப் தட்டினால் முனைகள் கலையும், ஒன்று மட்டும் நிற்கும். ஷிப்ட், ஆல்ட் இரண்டையும் அழுத்தி மவுஸை இழுத்தால் நிரை பிடிக்கலாம். முனை சேர்த்த பின் எதைத் தட்டினாலும் எல்லா முனையிலும் விழும். ஆகவே சேமிப்பதற்கு முன் ஒருமுறை கோப்பை மேலிருந்து கீழ்வரை பாருங்கள், குன்றுப்பாம்பு இருக்கலாம்.”

‘மவுஸ்’ என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுட்டியை இந்தப் பக்கத்திலிருந்து முழுக்கத் துரத்திவிட்டேன்.

ஒன்று மட்டும் மிச்சம். ஷிப்ட்-ஆல்ட்-ஐ தட்டினால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் முனை போய் நிற்கிறதே, அதற்கு ‘கடைமுனை’ என்று எழுதினேன், மனசு ஒப்பவில்லை. கடையில் வாங்குகிற முனை மாதிரி இருக்கிறது. அண்ணே, அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறீர்களா, நிரையின் கடைசி மரத்துக்குத் தோட்டத்தில் தனிப்பெயர் ஏதாவது இருந்ததா?

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து