இட்லிப்பூச் செடி: தளிர் மஞ்சளாகிறது, பூவும் இல்லை

கேள்வி (வேலியோரம்):
சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக இட்லிப்பூ (வெட்சி) நட்டிருக்கிறோம். உயரமாக வளரும் ரகம், இடைவெளி ஒன்றரை அடி. புதுத் தளிர் வெளிறிய மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகள் நன்றாகவே இருக்கின்றன. யூரியா வைத்தும் மாறவில்லை. மாதாமாதம் கத்தரியால் மட்டமாக வெட்டிவிடுகிறோம், பூ கிடையாது. பாய்ச்சுவது போர் தண்ணீர். பிடுங்கி வேறு இடத்தில் நடலாமா?

தொட்டிமண்:
பிடுங்க அவசரப்படாதீர்கள். இது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், அதுவும் நரம்போடு சேர்த்து. இரும்பு பழைய இலையிலிருந்து தளிருக்கு நகராது. அதனால் அடி இலை பச்சையாக இருக்க, தளிர் வெளிறும். யூரியாவால் இது சரியாகாது.

மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை, வேரால் எடுக்க முடியவில்லை. இட்லிப்பூவுக்குச் சற்றே அமில மண் வேண்டும், பிஹெச் 5.5 முதல் 6.5 வரை. சுவரோரத்தில் கட்டுமானச் சிமெண்டும் சுண்ணாம்பும் புதைந்து கிடக்கும், போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து மண்ணைக் காரமாக்கும், அதில் இரும்பு வேருக்குக் கிடைக்காது. செடியடியில் அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உலர்த்தி, மேலே வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. வேரடியில் தண்ணீர் தேங்கினாலும் தளிர் இப்படி வெளிறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

வேலியோரம்:
வினிகர் விட்டதும் பொங்குகிறது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) கையில் இருக்கிறது, வேரில் போடலாமா?

தொட்டிமண்:
சுண்ணாம்பு மண்ணில் போட்டால் சீக்கிரமே துருவாகி வேருக்கு எட்டாமல் போய்விடும். இலையில் தெளியுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலம் 1 கிராம், அது கரைந்தபின் அன்னபேதி 5 கிராம். கரைசல் பழுப்பானால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும். வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறமும் நனைய, 10-15 நாள் இடைவெளியில் 3 முறை. சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, மறைத்துக்கொள்ளுங்கள். வேருக்கு என்றால் ஈடிடிஹெச்ஏ வகை இரும்புச் செலேட் (இரும்பு மண்ணில் முடங்காமல் பிடித்துவைக்கும் கலவை) வாங்குங்கள், அளவு பாக்கெட்டில் இருக்கும். ஈடிடிஏ வகை மலிவுதான், ஆனால் இந்த மண்ணில் நிற்காது. எலும்புத்தூள், மணிச்சத்து உரம் இப்போதைக்கு வேண்டாம். இரும்பை இன்னும் முடக்கும்.

கொத்துமலர்:
பூ இல்லாததற்கு உங்கள் கத்தரியும் காரணம். இட்லிப்பூ கிளை நுனியில்தான் கொத்து வைக்கும். மாதாமாதம் மட்டமாக வெட்டினால் மொட்டு கட்டும் நுனி ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போகிறது. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும், வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் போதும். 6 மணி நேர வெயில் விழவில்லை என்றால் உரம் போட்டும் பயனில்லை.

கணு:
மாற்றி நடுவது பற்றி: இந்த ரகத்துக்கு 3 அடி இடைவெளி வேண்டும், ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிடலாம். தளிர் பச்சை திரும்பியபின் செய்யுங்கள். சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி நடவும். குழி வேர்மண்ணைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் அதே அளவு. தண்டு முன்பு மண்ணைத் தொட்ட மட்டத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய இலையெரு கலந்து நிரப்பி, மேலே 2 அங்குலம் மூடாக்கு (சருகு போன்ற மேல்மூடி) போடுங்கள், தண்டை ஒட்டாமல்.