மானபங்கம் என்றால் யாருடைய மானம்?

புங்கோல்காரி:
2023இல் இங்கே சிங்கப்பூரில் நடந்தது. தோபி காட்டில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினேன். வேலை முடிகிற நேரம், கேட்கவா வேண்டும், தேக்காவில் இன்னும் நெரிசல். பின்னால் நின்றவன் கழுத்தில் ஆபீஸ் பாஸ், கையில் லாப்டாப் பை. பைதான் இடிக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை நகர்ந்து நின்றேன். பூன் கெங் தாண்டியதும் கதவுக் கண்ணாடியில் பார்த்தால், பை அவனுடைய அந்தப் பக்கத்துக் கையில் தொங்குகிறது. அப்படியென்றால் என் இடுப்பில் படுவது எது?

நான் கால் சென்டரில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்கப் பேசித்தான் சம்பளம். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. கத்தியது காய்கறி வண்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு சீன ஆன்ட்டி. "ஹேய்! யூ டச் ஹர் ஃபார் வாட்?" அவன் சிராங்கூனில் இறங்கி ஓடிவிட்டான். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இறங்கி, நிலைய ஊழியரிடம் "ஐ சீ, ஐ சீ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் இறங்கவேண்டிய இடம் ஹவ்காங்.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், வழக்கும் நடந்தது. என்னை உறுத்தியது வேறு. அன்று ராத்திரி அம்மா சொன்னது: "மானம் போகிற விஷயம், வெளியே சொல்லாதே." நம் செய்திகளிலும் இதற்குப் பெயர் மானபங்கம். அவன் கை வைத்தான், பங்கப்பட்டது என் மானமாம்! தண்டனைச் சட்டம் 354ஆம் பிரிவும் அடக்கத்துக்குப் பங்கம் என்றுதான் பேசுகிறது. 2022 மார்ச்சில் அதிகபட்சச் சிறையை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக்கினார்கள். சொல்லை அப்படியே விட்டுவிட்டார்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சொல் தொண்டையில் சிக்கியிருக்கிறதா?

பழைய பஸ் பாஸ்:
எனக்கு 2011. அந்த வருஷம் டொரோண்டோவில் ஒரு போலீஸ்காரர், தாக்கப்படாமல் இருக்கப் பெண்கள் 'ஸ்லட்' மாதிரி உடுத்தக்கூடாது என்று சொல்லப்போய், ஸ்லட்வாக் என்ற போராட்டம் கிளம்பியது. டிசம்பரில் இங்கே ஹாங் லிம் பூங்காவிலும் கூடினோம். கிளம்பும்போது அம்மா கேட்டார், "என்ன கூட்டம்டி?" அந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? நம்மிடம் அதற்குச் சொல்லுக்கா பஞ்சம், ஆனால் எல்லாமே பெண்ணைத் திட்டுகிற சொல். ஆண்பிள்ளைக்கு அப்படி ஒன்றுகூடத் தேறவில்லை. "பொதுக்கூட்டம்" என்று சொல்லி நழுவிவிட்டேன். போட்டிருந்தது சுடிதார், துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி. பஸ்ஸில் எனக்கு நடந்த நாளிலும் அதே மாதிரிதான் போட்டிருந்தேன்.

நைட் ஷிஃப்ட்:
படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். என் கதையில் ரயில் இல்லை, வீடுதான். தாலி கட்டியவன். "புருஷன்தானே" என்று அக்காவே சொன்னாள். சட்டமும் ரொம்ப நாள் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. மனைவியைப் பலாத்காரம் செய்தால் கணவனுக்கு இருந்த விலக்கு முழுசாகப் போனது 2020 ஜனவரி 1இல்.

இன்னொன்று. குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு ஆணைக்கு, அதான் பிபிஓ, நீதிமன்றப் படியேறித்தான் ஆகவேண்டும் என்று பயந்தே ஒரு வருஷம் ஓட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, பேவ் மாதிரி குடும்ப வன்முறை உதவி மையத்தில் உட்கார்ந்தே காணொளி வழியாக விண்ணப்பிக்கலாம். வன்முறைக்கு உதவி கேட்கும் தேசிய எண் 1800-777-0000க்கு அழைத்தால் ராத்திரி மூன்று மணிக்கும் எடுக்கிறார்கள். வார்டு கழிப்பறையிலிருந்து கூப்பிட்டேன், அதனால் சொல்கிறேன். இதற்கு மேல் எழுத இப்போது வரவில்லை.

புங்கோல்காரி:
நைட் ஷிஃப்ட், எழுதியவரைக்கும் போதும்மா. நன்றி.

ஆன்ட்டியைக் கேட்டவர்களுக்கு: வாக்குமூலம் கொடுக்க ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். சீனப் புத்தாண்டுக்கு அம்மாவே முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். போன வாரம் ஊரிலிருந்து சித்தி பேசினார். நான் சமையலறையில் இருந்தேன். அம்மா போனில், சத்தமாகவே, "உனக்குச் சொல்லவே இல்லையே, எவனோ ஒரு மானங்கெட்டவன் ரயிலில்..." என்று ஆரம்பித்தார்.