பின்பக்கத்தை முதலில் படிப்பவர்கள்

1982-ல் மன்னார்குடியில் ஓர் அச்சகத்தில் கம்போசிங் வேலைக்கு, அதாவது ஈய எழுத்துகளைக் கோர்க்கும் வேலைக்கு, சேர்ந்தேன். மாதம் பிறந்தால் ஒரு கட்சிக்காரர் நாலு தாள் கையால் எழுதிக்கொண்டு வருவார். நோட்டீசின் முன்பக்கம் 'சாதனைகள்', பின்பக்கம் எதிர்த்தரப்புக்கு 'கேள்விகள்'. இரண்டு நாள் கழித்து அந்த எதிர்த்தரப்பும் வரும். அவர்களுக்கும் அதே அமைப்புதான்.

இரண்டு கட்சிப் பெயரிலும் 'கழகம்' உண்டே! ஒரு பக்கத்தில் முப்பது தடவை வந்தால் ஈய எழுத்துப் பெட்டியில் 'ழ' அறை காலி. ஒரு நோட்டீசை அடித்து, எழுத்தைப் பிரித்து அறையில் போட்டால்தான் அடுத்த கட்சிக்கு 'ழ'. முதலாளி இதைத்தான் கூட்டணி என்பார்.

அந்த வருடம் ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. ஆளுங்கட்சி நோட்டீசில் முன்பக்கம் முழுக்க அதுதான். மற்றவர்கள், 1920-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி சோறு போட்டது என்று எழுதி வந்தார்கள். காங்கிரஸ்காரர் ஒருவர் வந்து, காமராஜரை மறந்துவிட்டீர்களே என்று கோபித்துக்கொண்டு இன்னொரு நோட்டீஸ் அடித்தார். மூன்றும் உண்மைதான். மூன்றையும் கோர்த்தது நான் ஒருவன்.

டீக்கடையில் கவனித்திருக்கிறேன். வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் படிப்பார்கள். தேர்தல் அறிவித்தால் மட்டும் அந்தப் பக்கத்தின் சூடு கொஞ்சம் குறையும். தேர்தல் நோட்டீசை அச்சகம், வெளியிடுபவர் பெயர் போடாமல் அடித்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. உங்களுக்கு இப்படி அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

*

ஐயா, எங்கள் தெரு ஒரு கட்சியின் நோட்டீசில் மூன்று மாதம் தொடர்ந்து வந்தது. முதல் மாதம் 'தார்ச்சாலை கேட்டோம்', அடுத்த மாதம் 'ஒப்புதல் பெற்றோம்', மூன்றாவது மாதம் 'அமைத்துத் தந்தோம்'. கொட்டிக் கிடந்தது ஜல்லி மட்டும்தான். நோட்டீசைக் கொண்டுவந்த பையனின் சைக்கிள் அந்த ஜல்லியிலேயே பஞ்சர். "தண்ணி கொடுங்கக்கா" என்று திண்ணையில் உட்கார்ந்தான். நோட்டீசைக் காட்டி, "இது எந்தத் தெருப்பா?" என்றேன். "மேலேருந்து வர்றதைக் கொடுக்கிறேன்க்கா, நான் படிக்கிறதில்லை" என்றான். பாவம், அவன்மேல் கோபம் வரவில்லை.

*

இப்போது எல்லாம் வாட்ஸ்அப் கார்டுதான். ஒன்றிய அளவில் ஐ.டி. விங்கில் இரண்டு வருடம் இருந்தேன் (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அப்பா வேறு கட்சி). மாதத்தின் முதல் வாரம் சாதனைக் கார்டுகள் வரும். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயோ, பேருந்துப் பயணமோ, எதைப் போட்டாலும் கட்டைவிரல் காட்டுவது அதே பதினோரு பேர். எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் மேடையில் தடுமாறும் வீடியோ என்றால் கல்யாண வீட்டுக் குரூப் வரை போய்விடும்.

ஒருநாள் காலையில் அப்படி ஒரு பழைய வீடியோவைத் தட்டிவிட்டேன். மதியம் ஒன்றியச் செயலாளர் போன்.

"தம்பி, அதை உடனே எடுப்பா."

"ஏண்ணே, செம்மயா போகுதே?"

"அவரு போன வாரமே நம்ம கட்சிக்கு வந்துட்டாருய்யா."

எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் எங்கள் மாவட்டக் குரூப்பிலேயே ஏழு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

*

தம்பி சொன்னதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் அச்சகத்தில் மாதாமாதம் வரும் பெயர்களைப் பிரிக்கமாட்டோம். நூல் கட்டி அப்படியே தட்டில் எடுத்து வைத்துவிடுவோம், அடுத்த மாதம் வேலை மிச்சம். அப்படிக் கட்டி வைத்திருந்த ஒருவர் கட்சி மாறினார். அங்கேயும் அதே பதவி. முதலாளி தட்டைப் பார்த்தார், சிரித்தார். பெயர், அடியில் 'நகரக் கழகச் செயலாளர்'. நூலைக்கூட அவிழ்க்காமல் தூக்கி அடுத்த கட்சியின் பக்கத்தில் வைத்தோம்.