சிஸ்டம் ஃபைலை நானோல தொடவே கூடாதாம்! வரியை உடைக்குமாம்!

பாலாத்துமணல்:
காட்பாடில ஒரு கிளாஸ்ல என் தங்கச்சி லினக்ஸ் கத்துக்குது. நேத்து அங்க பாடம் எடுத்தவர் சொல்லியிருக்காரு: "எட்சி ஃபோல்டர்ல இருக்கற எதையும் நானோல திறக்காதீங்க, வரியை உடைச்சிடும். விஐ மட்டும்தான் சேஃப்." நானோ, விஐ ரெண்டும் ஃபைலைத் திருத்தற எடிட்டர்தான்; எட்சி சிஸ்டம் செட்டிங்ஸ் இருக்கற ஃபோல்டர். புள்ளை ராத்திரி விஐ-குள்ள போயிட்டு வெளிய வரத் தெரியாம உக்காந்துனு அழுவுது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. நானோ கீழ ரெண்டு வரில எந்தக் கீயை அமுக்கணும்னு அதுவே காட்டுது. கண்ட்ரோல் ஓ சேவ், கண்ட்ரோல் எக்ஸ் வெளிய. புதுசா வர்றவங்களை இன்னாத்துக்கு இப்படி மிரட்டணும்?

காட்பாடி ஜங்ஷன்:
அந்த வாத்தியார் யாருன்னு தெரியாது. சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நானோ வரியை உடைக்கும். என் சர்வர்லயே உடைச்சுது.

ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனி, கணக்கு ரூம்ல ஒரு சர்வர், பேக்கப்புக்கு வெளிய ஒரு டிஸ்க். எஃப்எஸ்டேப்ல, அதாவது மெஷின் ஏறும்போது எந்த டிஸ்க்கை எங்க மாட்டணும்னு சொல்ற ஃபைல்ல, அந்த டிஸ்க்குக்கு ஒரு வரி. முதல்ல டிஸ்க்கோட அடையாளமான 36 எழுத்து யூயூஐடி, அப்புறம் மவுண்ட் ஆகற இடம், அப்புறம் இஎக்ஸ்டி4ங்கற ஃபைல்சிஸ்டம் வகை, கடைசில நீட்டமா ஆப்ஷன். அதுல நோஃபெயிலும் இருந்துச்சு. கூட வேலை செய்யற பையன் நானோல திறந்து இன்னொரு ஆப்ஷன் சேர்த்தான். வரி ஸ்கிரீன் அகலத்தைத் தொட்டதும் நானோ தானா மடக்கி ஆப்ஷன் மொத்தத்தையும் அடுத்த வரிக்குத் தள்ளிடுச்சு. அவன் கவனிக்கல, சேவ் பண்ணிட்டான்.

ரெண்டு வாரம் கழிச்சு, டிஸ்க்கைக் கழட்டி வச்சிருந்த நேரம் பார்த்து கரண்ட் போய் வந்துது. நோஃபெயில் அதே வரில இருந்திருந்தா டிஸ்க் இல்லாமலே மெஷின் ஏறியிருக்கும். இல்லாததால 90 செகண்ட் காத்துனு இருந்துட்டு, ரிப்பேருக்கு மட்டும் இருக்கற எமர்ஜென்சி மோட்ல போய் நின்னு ரூட், அதாவது அட்மின் பாஸ்வேர்டு கேக்குது. ராத்திரி பதினொரு மணிக்கு மழைல பைக் எடுத்துனு போனவன் நான். எனக்கு நானோ பத்திப் பாடம் எடுக்காதீங்க.

பாலாத்துமணல்:
எந்த வெர்ஷன்ணா அது? 2019-ல நானோ 4.0 வந்துது. அதுல இருந்து நீட்டு வரியைத் தானா உடைக்கறது கிடையாது. அதுக்கு முன்னாடி வெர்ஷனா இருந்தாலும் மைனஸ் டபிள்யூ போட்டுத் திறந்தா உடைக்காது. பழசு உடைச்சாலும் நீங்க டைப் பண்ற வரியை மட்டும்தான். சும்மா திறந்து பார்த்து மூடினா ஒண்ணும் ஆகாது.

காட்பாடி ஜங்ஷன்:
வெர்ஷனை நான் கேக்கல. உடைச்சுதா இல்லையா?

பாலாத்துமணல்:
பழைய வெர்ஷன் உடைச்சுது. சேவ் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீனைப் பார்க்காதது உங்க பையன். எஃப்எஸ்டேப்பைச் சரிபார்க்கற ஃபைண்ட்மவுண்ட் மைனஸ் மைனஸ் வெரிஃபைங்கற கட்டளையை ஒரு தடவை அடிச்சிருந்தா அந்த வரில தப்புன்னு அப்பவே சொல்லியிருக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:
"உடைச்சுது"ன்னு ஒத்துக்கினீங்க இல்ல, அது போதும். விஐ 1976-ல பில் ஜாய் எழுதினது. 1991-ல பிராம் மூலினார் விஐ மாதிரியே விம் கொண்டாந்தாரு. இத்தனை வருஷத்துல எவன் வரியையாவது கேக்காம மடக்கி எமர்ஜென்சி மோடுக்கு அனுப்பிச்சா?

பாலாத்துமணல்:
விஐ மடக்காது, ஒட்டும்! கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கறது தெரியாம கீழ எறங்க ஜே அமுக்குங்க. ஒவ்வொரு அமுக்குக்கும் கீழ இருக்கற வரி மேல் வரியோட ஒட்டிக்கும். மேல ஹாஷ் போட்ட, மெஷின் படிக்காத கமெண்ட் வரி இருந்தா உங்க டிஸ்க் வரி அதுக்குள்ள போயிடும். மவுண்ட் காலி. இது எனக்கே நடந்துச்சு.

காட்பாடி ஜங்ஷன்:
யூ அமுக்கினா அண்டூ.

பாலாத்துமணல்:
கேப்ஸ் லாக் ஆன்ல இருக்கறப்போ அது பெரிய யூ. அதுக்கு வேற வேலை. பதினஞ்சு வருஷ சர்வீஸ்னு சொல்லிக்கறவருக்கு இது தெரிய வேணாமா?

ஆம்பூரான்:
ரெண்டு பேரும் தப்பான இடத்துல நிக்கறீங்க. சூடோ போட்டு, அதாவது அட்மின் அதிகாரத்துல, எடிட்டரைத் திறக்கறதே முதல் தப்பு. சூடோ விம்னு திறந்துட்டு உள்ள இருந்தே எந்தக் கட்டளையும் அடிக்கற ஒரு ரூட் ஷெல் எடுத்துடலாம். சூடோஎடிட் போடுங்க. அது ஃபைலைத் தற்காலிகமா ஒரு காப்பி எடுத்து, உங்க யூசர்லயே எடிட்டரைத் திறந்து, முடிச்ச பிறகு இடத்துல கொண்டு போய் வைக்கும். யாருக்கு சூடோ உண்டுன்னு சொல்ற சூடோயர்ஸ் ஃபைலுக்கு விசூடோ. ஃபைலை லாக் பண்ணும், எழுதின முறைல தப்பு இருந்தா சேவ் ஆகறதுக்கு முன்னாடியே நிறுத்திக் கேக்கும். எடிட்டர் எதுவா இருந்தாலும் சரி.

காட்பாடி ஜங்ஷன்:
பார்த்தீங்களா, கட்டளையோட பேரே விசூடோ. நானோசூடோன்னு எவனும் பேர் வைக்கல. எழுதினவங்களுக்கே தெரியும் எது நம்பிக்கையான எடிட்டர்னு.

பாலாத்துமணல்:
உபுண்டு லினக்ஸ்ல விசூடோ அடிச்சுப் பாருங்க. நானோதான் திறக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:
திறந்தா உடைக்கும்.

பாலாத்துமணல்:
எத்தனை தடவை சொல்றது? 4.0-ல இருந்து உடைக்காதுணா!

ஆரணிப்பட்டு:
அண்ணா, எனக்கு நடந்தது வேற. வேர்டு ஃபைல்ல இருந்து ஒரு வரியைக் காப்பி பண்ணி, மெஷினை ஏத்தற கிரப்போட செட்டிங்ஸ்ல ஒட்டினேன். கோட்ஸ் ரெண்டும் வளைஞ்ச கோட்ஸா வந்திருச்சு. அப்டேட் கிரப் போட்டா எரர். விம்ல பார்த்தாலும் நானோல பார்த்தாலும் நேர் கோட்ஸ் மாதிரியேதான் தெரிஞ்சுது. ஒரு மணி நேரம் ஆச்சு கண்டுபிடிக்க. இதுக்கு என்ன வழின்னு யாராவது சொல்லுங்க.

காட்பாடி ஜங்ஷன்:
அம்மா, அது காப்பி பண்ணதோட பிரச்சினை. இங்க பேச்சு நானோ வரியை உடைக்கறது பத்தி. ஆம்பூரான் தம்பி, நீங்க இப்போ திருப்பத்தூர் மாவட்டம். வேலூர் பக்கத்து சர்வர் கதை உங்களுக்கு எதுக்கு?

ஆம்பூரான்:
1989 வரைக்கும் திருவண்ணாமலையும் சேர்ந்து எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். 2019-ல கோடு போட்டாங்க. அதுக்காக எங்க தாத்தா காலத்துல இருந்து வேலூர் மார்க்கெட்டுக்கு வர்ற நாங்க வெளியாளா? சூடோஎடிட் பத்தி ஒரு வரி பதில் சொல்லாம மாவட்டம் கேக்கறீங்க. மனசு கஷ்டமா இருக்கு சார்.

பாலாத்துமணல்:
அவர் அப்படித்தான் ஆம்பூரான். போன வருஷம் கோட்டை பக்கம் டீக்கடைல என் லேப்டாப்பை "ஒரு நிமிஷம் குடு"ன்னு வாங்கி, அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ்ல டீஃபால்ட் எடிட்டரை விம்முக்கு மாத்திட்டுக் குடுத்தாரு. கேக்கவே இல்ல. மறுநாள் ஆபீஸ்ல, நேரம் குறிச்சு வேலை ஓட்டற கிரான்டேப் திறந்தா விம். எல்லார் முன்னாடியும் முழிச்சேன். அது எனக்கு இன்னும் ஆறல.

காட்பாடி ஜங்ஷன்:
நல்லதுக்குத்தான் மாத்தினேன். இப்பவும் மாத்துவேன்.

ஆம்பூரான்:
அடுத்தவர் மெஷின்ல கேக்காம கை வைக்கறவர்தான் இங்க பாதுகாப்பு பத்திப் பேசறாரு.

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி, நீங்க அந்த ராத்திரி வரல. அந்தக் கணக்குப் பிள்ளை கையைப் பிசைஞ்சுனு நின்னது எனக்குத்தான் தெரியும். காலைல சம்பளம் போடணும். நான் போய் ஒரே ஒரு வரியை மேல் வரியோட சேர்த்தேன், மெஷின் ஏறிச்சு. எதுல சேர்த்தேன் தெரியுமா? விஐ-ல. பெரிய ஜே. நீங்க குறை சொன்ன அதே ஜே.

பாலாத்துமணல்:
நானோல டெலீட் கீயை ஒரு தடவை அமுக்கினாலும் சேரும்ணா.

காட்பாடி ஜங்ஷன்:
சேரும், மறுபடி உடையும். அந்தப் பழைய சர்வர் இன்னும் என் வீட்டு மாடில கிடக்குது. ஞாயித்துக்கிழமை வா, ஆன் பண்ணித் தர்றேன். நீயே அந்த வரில டைப் பண்ணு.

பாலாத்துமணல்:
வர்றேன். வந்து நானோ புது வெர்ஷன் போட்டுட்டு டைப் பண்றேன்.

காட்பாடி ஜங்ஷன்:
என் மெஷின்ல எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாது.